அறுபடாக் குரல்

பயிற்றப்பட்ட தமிழாசிரியன் ஒருவன் யூபிலி மலருக்குக் கட்டுரை எழுதப் புகுந்தால், அது கந்தபுராண படனம் பற்றியதாகவோ நாவலர் உரைநடை பற்றியதாகவோ அமையுமென அன்பர்கள் எதிர்பார்த்தல் இயல்பே. மலர்க்குழுவினரும் அவ்வாறே எதிர்பார்த்தனர். கிரிக்கெற் ஆட்டங்களையும், விடுதிச் சாப்பாட்டையும், மறைந்த அதிபர்களின் பிரம்பையும் பற்றி எழுத என்னினும் வல்லார் பலர் உளர். யான் எழுதப்போவது எம் கல்லூரி விறாந்தைகளின் முகட்டிலே தொங்கும் வெள்ளைப் பெட்டிகளைப் பற்றி. மாணவர் அவற்றை வைபைப் பெட்டி என்பர். யானும் அவ்வாறே வழங்குகின்றேன். விஞ்ஞான ஆசிரியர்கள் பொறுத்தருள்க. அப்பெட்டிகளினூடே செல்வது குரல். குரலின் அளவும், ஓரொலி மற்றோரொலியோடு இணையும் முறையும் எழுத்ததிகாரத்துக்கு உரியன. ஆதலின் அவற்றைப் பற்றிப் பேசத் தமிழாசிரியனுக்கும் சிறிது பாத்தியதை உண்டு.

கண் ஒருமுறை இமைக்கும் பொழுதும், விரல் ஒருமுறை நொடிக்கும் பொழுதும் ஒரு மாத்திரை என்பது நம் இலக்கண நூலார் கணக்கு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. 'பட்டம்' என்னும் சொல்லையும் 'படம்' என்னும் சொல்லையும் வேறாக்குவது அந்த அரை மாத்திரையே. இக்காலக் கருவிகளும் குரலை அளந்தே அனுப்புகின்றன. வைபை வழியாக நாம் பேசும்போது எம் குரல் பெரும்பாலும் 20 மில்லிசெக்கன் நீளமுள்ள துண்டுகளாக நறுக்கப்படுகின்றது. அஃதாவது செக்கனுக்கு 50 துண்டுகள். ஒவ்வொன்றும் தனித்தனிப் பொட்டலமாய் முகவரி இடப்பட்டுப் புறப்படும். கண்ணிமைப்பு ஒன்று செக்கனில் பத்திலொரு பங்கு முதல் பத்தில் நான்கு பங்கு வரை நீடிக்குமென்பர். எனவே ஒரு மாத்திரைக்குள் ஐந்து முதல் இருபது வரையான துண்டுகள் அடங்கும். ஒரு துண்டு வழியில் தொலைந்தால் செவி அறியாது. மறுமுனைக் கருவி முன்னைய துண்டைக் கொண்டு அவ்விடத்தை இட்டு நிரப்பிவிடும். பத்துத் துண்டுகள் தொடர்ந்து தொலைந்தால் ஓரெழுத்துப் போயிற்று. ஐம்பது தொலைந்தால் ஒரு சொல் போயிற்று. கனடாவிலிருக்கும் தமையனுக்கு 'இம்மாதம் காசு அனுப்ப வேண்டாம்' என்று சொல்லும்போது ஈற்றுச் சொல் மாத்திரம் போயிற்றெனின், அதன் விளைவை அன்பர்களே ஊகிக்கலாம்.

கடிதமோ நிழற்படமோ இவ்வலைகள் மீது செல்லுங்கால், வழியில் ஒரு துண்டு தவறினால் அதனை மீண்டும் கேட்டுப் பெற்றுக்கொள்ளும். அரைச் செக்கன் பிந்தினால் எவர்க்கும் நட்டமில்லை. குரலுக்கோ அவ்வசதி இல்லை. பிந்தி வந்த துண்டை மறுமுனைக் கருவி எறிந்துவிடும். அது சேரவேண்டிய இடத்தைப் பேச்சு கடந்து போய்விட்டதன்றோ! வாயிலிருந்து செவிக்குச் செல்லும் ஒருவழிப் பயணம் 150 மில்லிசெக்கனுக்குள் அமைதல் நன்று என்றும், 400 ஐத் தாண்டலாகாது என்றும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தார் வரையறுத்துள்ளனர். உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லிசெக்கன் அளவினதே என்று, பத்து மொழிகளை ஆராய்ந்து 2009 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டிற்று. அப்பத்தில் தமிழ் இல்லை. யாழ்ப்பாணத்தாரை அளந்திருப்பின் இடைவெளியே தோன்றியிராது என்பது என் துணிபு; மற்றவர் முடிக்குமுன் தொடங்குதல் எம்மவர் வழக்கம்.

குரல் அறுதலின் துன்பம் எம் தலைமுறையினர்க்குப் புதியதன்று. 1990 இலிருந்து சில ஆண்டுகள் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. வானொலிக்குப் பற்றரியும் அரிதாயிற்று. சைக்கிளை ஸ்ராண்டிலே நிறுத்தி, டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர் கொடுத்து, ஒருவர் உழக்க மற்றவர் செய்தி கேட்பர். பத்து வயதினனாகிய யானே எம் ஒழுங்கையின் உழக்குநன். கால் சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். பெரியோர் எல்லாரும் ஒருமித்து 'உழக்கடா!' என்று கத்துவர். குண்டு விழுந்த ஊரின் பெயரைச் சொல்லுமிடத்திலேயே என் கால் சோரும் என்பது அவர்கள் எல்லாரும் கூறிய குற்றச்சாட்டு. பெயரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் செவிக்கு எந்தச் சோர்வும் அவ்விடத்திலேதான் நிகழ்வதாகத் தோன்றும் என்பதே என் விளக்கம். அதனை அன்று கேட்பார் எவருமிலர்.

இனி, கல்லூரிப் பெட்டிகளுக்கு வருவோம். எம் பழைய மாணவர்கள் தாயன்பு மிக்கவர்கள். ஆனால் அணி அணியாக அன்பு செலுத்துபவர்கள். ஓரணியினர் நூலகத்துக்கு ஒரு பெட்டி வாங்கித் தந்தனர். அதுகண்ட அடுத்த அணியினர் ஆய்வுகூடத்துக்கு ஒன்று தந்தனர். விடுதிக்கு லண்டன் கிளையினர். பிரதான மண்டபத்துக்கு அவுஸ்திரேலியக் கிளையினர். ஒவ்வொரு பெட்டியும் தன்னை நல்கிய அணியின் ஆண்டையே பெயராகப் பூண்டு, தனக்கெனத் தனி மறைமொழியும் கொண்டு விளங்கிற்று. ஆறு பெட்டிகள்; ஆறு பெயர்கள்; ஆறு மறைமொழிகள். ஓரிடத்தில் அமர்ந்து வேலை செய்வார்க்கு இதனால் யாதொரு குறையுமில்லை. கையில் தொலைபேசியோடு பேசிக்கொண்டு நடப்பவர்க்கோ, ஓர் அணியின் அன்பிலிருந்து மற்றோர் அணியின் அன்புக்குள் புகும்போதெல்லாம் தொடர்பு அறுந்தது. இதனைக் குறையாக எவரும் எண்ணவில்லை; மீண்டும் எடுத்துப் பேசினர். கைத்தொலைபேசிக் கோபுரத்தின் அலையோ எம் பழைய கட்டடத்தின் சுண்ணாம்புக்கற் சுவர்களுக்குள் நன்கு நுழைவதில்லை. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை முழத் தடிப்பு. எம் முன்னோர் வெயிலை எண்ணிக் கட்டினரேயன்றி அலையை எண்ணிக் கட்டினாரல்லர்.

2024 வைகாசியில் என் ஆசிரியர் ரொறன்ரோவிலிருந்து அழைத்தார். எனக்கு இலக்கணம் கற்பித்தவர்; 1998 இல் ஓய்வுபெற்றுப் பின்னர் மகளுடன் சென்று வாழ்பவர். அப்பொழுது அவர்க்கு வயது 86. கண்ணொளி பெரிதும் மங்கிவிட்டமையால் காணொளியால் பயனில்லை. "தம்பி, நீர் காலமையிலே போனைக் கையில் பிடித்துக்கொண்டு படலையிலிருந்து மைதானம் மட்டும் நடவும். எந்த இடத்தில் நிற்கிறீர் என்று மாத்திரம் சொல்லும். மற்றது எனக்குக் கேட்கும்" என்றார். இங்கே காலைப் பிரார்த்தனை தொடங்கும் ஏழரை மணி, அங்கே முன்னை நாள் இரவு பத்து மணி.

நடந்தேன். படலையருகே சைக்கிள்கள் நிறுத்தும் ஓசையைக் கேட்டு, "இன்னும் சைக்கிள்தானா?" என்று மகிழ்ந்தார். பிரதான மண்டபத்தில் தேவாரம் தொடங்கிற்று; அவரும் அங்கிருந்து உடன் பாடினார். மண்டபத்தின் வடக்கு வாயிலைத் தாண்டியதும் தொடர்பு அறுந்தது. மீண்டும் எடுத்தேன். நூலகத்தருகே மறுபடியும் அறுந்தது. மூன்றாம் முறை இணைந்தபோது நூலகத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் இடைப்பட்ட முற்றத்தில் நின்றேன். "அந்த வேம்பு நிற்குதா தம்பி?" என்றார். நிற்கிறது என்றேன். "அண்டைக்குப் பின்னேரம் அதுக்குக் கீழேதான் அவன்—"

அவ்வளவே கேட்டது. எவனைக் குறித்தார் என்பது எனக்குத் தெரியும். என் வகுப்பினன், 1996 இல் ஒருநாள் மாலை வகுப்புக்கெனச் சென்று வீடு திரும்பாதவன். மீண்டும் தொடர்புகொள்ள இருபது செக்கன் அளவாயிற்று. "ஐயா, அவன் என்று ஏதோ சொன்னீர்கள்" என்றேன். "ஒன்றுமில்லை. நீர் நடவும்" என்றார். இருபத்தெட்டு ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வாயெடுத்தவர் மீண்டும் வாயெடுப்பதென்பது எளிதன்று. அன்று மைதானம் வரை நடந்தோம். மழை, மாமரம், நெட்டோட்டம் எனப் பலவும் பேசினார். அது வரவில்லை.

அவ்வாண்டு ஆடி விடுமுறையிலே என் பழைய மாணவர் ஒருவர் ஊருக்கு வந்தார். கட்டார் நாட்டிலே பெரியதொரு வைத்தியசாலையின் வைபை அமைப்பைப் பேணும் பொறியியலாளர். அங்குத் தாதியர் சட்டைப்பையிலே வைபைத் தொலைபேசி வைத்துக்கொண்டு விடுதி விடுதியாக ஓடுவர்; வைத்தியர் மருந்தின் அளவைச் சொல்லும்போது ஓரிலக்கம் விழுங்கப்பட்டால் உயிரோடு விளையாட்டாகும். "நடக்கிற குரலை அறாமல் பார்ப்பதுதான் சேர் என்னுடைய தொழில்" என்றார். நடந்ததைச் சொன்னேன். மறுநாட் காலையே கருவியோடு வந்துவிட்டார்.

அவர் விளக்கியதை என் மொழியிலே தருகின்றேன். ஒரு பெட்டியின் அலை தேயத் தேயத் தொலைபேசி வேறு பெட்டியைத் தேடவேண்டும். எந்த அலைவரிசையில் எது உளது என அறியாமையால் ஒவ்வொரு வரிசையாகச் செவிமடுத்துப் பார்க்கும். அதற்கே அரைச் செக்கனும் செல்லலாம். கண்டபின், தான் இன்னார் எனப் புதிய பெட்டிக்குச் சான்று காட்டவேண்டும். ஒவ்வொருவர்க்கும் தனிப்பெயரும் தனி மறைமொழியும் உள்ள இடங்களில், பெட்டி தானே முடிவு செய்யாமல் உள்ளேயிருக்கும் கணினி ஒன்றைக் கேட்டுவரும். ஒரு செக்கன் அதிலே கழிந்துவிடுதலும் உண்டு. பின்னர் இரகசியத் திறவுகோல் ஒன்றை இருபாலாரும் நான்கு செய்திகளால் உருவாக்கிக்கொள்வர். இத்தனையும் முடிந்து, புதிய இடம் புதிய முகவரியைக் கொடுத்துவிடின் எல்லாம் வீண். பழைய முகவரிக்கு வந்துகொண்டிருக்கும் துண்டுகள் ஆளில்லா வீட்டுக்குச் சென்ற தபால்போலாகும். எம் கல்லூரியில் நிகழ்ந்தது இந்தக் கடைசி வகை. ஆறு பெட்டிகளும் ஆறு தனிக்குடித்தனங்கள்.

கைத்தொலைபேசிக் கோபுரங்களுக்கு இவ்விடர் எப்பொழுதோ தீர்ந்ததன்றோ, பஸ்ஸிலே பேசிக்கொண்டு கிளிநொச்சி வரை செல்கிறோமே என்றேன். தீர்ந்தது, ஆனால் உடனே தீரவில்லை. 1946 ஆனியில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலே மோட்டார்வண்டித் தொலைபேசி தொடங்கியபோது, நகர் முழுமைக்கும் வலிய நிலையம் ஒன்றே. ஒரே வேளையில் பேசக்கூடியோர் மிகச் சிலரே. அடுத்த ஆண்டே பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ரிங் என்பார், நகரைத் தேனடை போன்ற அறுகோணச் சிற்றறைகளாகப் பகுத்து, அறைக்கொரு சிறு நிலையம் அமைக்கலாமெனக் குறிப்பு எழுதினார். அறை சிறுத்தால் பலர் பேசலாம். ஆனால் வண்டி விரைவில் அறையைக் கடந்துவிடும். கடக்குங்கால் பேச்சை அறாமல் அடுத்த அறைக்குக் கைமாற்றுவது எவ்வாறு? அதற்கான இணைப்புமாற்று முறைக்கு அதே ஆய்வுகூடத்து ஏமஸ் ஜோயல் காப்புரிமை பெற்றது 1972 இல். சிக்காகோவிலே பொதுமக்களுக்குச் சேவை தொடங்கியது 1983 இல். பகுக்கும் எண்ணம் தோன்றிய பின்னர், கைமாற்றும் வித்தை கைவரக் கால் நூற்றாண்டு சென்றது. இலங்கைக்குச் செல்ரெல் கொம்பனி வாயிலாகச் சிற்றறைத் தொலைபேசி வந்தது 1989 இல். எம் ஊர்க்காரர் கையில் அது தவழ 2002 போர்நிறுத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது.

கோபுர முறைக்கும் வைபைக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. கோபுர முறையிலே தொலைபேசி தன்னைச் சூழ்ந்த கோபுரங்களின் வலிமையை அளந்து அறிவித்துக்கொண்டேயிருக்கும். 'இப்பொழுது மாறு' எனக் கட்டளையிடுவது வலையமைப்பு. வைபையிலோ மாறுவதா இல்லையா என்று முடிவு செய்வது தொலைபேசியே. 1997 இல் வைபையின் முதல் விதிமுறை வெளிவந்தபோது, கணினியைத் தூக்கிச் சென்று ஓரிடத்தில் வைத்துவிட்டு அமர்ந்திருப்பவரையே பெரிதும் மனத்திற்கொண்டனர் போலும். அதனால் தொலைபேசி, தான் முதலிற் பற்றிய பெட்டியை எளிதில் விடாது. பக்கத்திலே வலிய பெட்டி ஒன்று இருப்பினும் தேய்ந்த அலையையே இறுகப் பற்றிக்கொண்டு செல்லும். "ஒட்டுண்ணி மாதிரி சேர்" என்றார் பொறியியலாளர். எனக்கு வேறோர் உவமை தோன்றிற்று; ஆனால் மாமியார் மலரை வாசிப்பவராதலின் அதனை விடுத்தேன்.

இதற்கு மருந்தாக மூன்று துணைவிதிகள் பின்னர் எழுந்தன. 2008 இல் வெளிவந்த ஒன்று, அண்டையிலுள்ள பெட்டிகள் யாவை, அவை எவ்வலைவரிசையில் உள்ளன என்ற பட்டியலைத் தொலைபேசிக்கு முன்கூட்டியே கொடுக்கும். பிறகு தேடும் வேலை சுருங்கிவிடும். அதே ஆண்டு வெளிவந்த மற்றொன்றே குரலுக்கு உயிர் போன்றது. தொலைபேசி முதற்பெட்டியிலே காட்டிய சான்றைக் கொண்டு, அடுத்த பெட்டிக்கான திறவுகோலைப் புறப்படுமுன்னரே ஆயத்தம் செய்துவிடும். முதற்பெட்டியின் வழியாகவே அடுத்த பெட்டியோடு பேசி முடித்தலும் கூடும். போய்ச் சேர்ந்தவுடன் வாயிலில் நின்று விசாரணைக்கு விடை கூறவேண்டியதில்லை. முழுச் செக்கன் சென்ற காரியம் 50 மில்லிசெக்கனுக்குள் அடங்கிவிடும். இரண்டு மூன்று துண்டுகளே போகும். மூன்றாவது துணைவிதி 2011 இல் வந்தது. 'நீ இப்பெட்டியை விட்டு அதற்குச் செல்வது நன்று' என வலையமைப்பு தொலைபேசிக்கு அறிவுரை கூற அது வழிசெய்தது. அறிவுரைதான், கட்டளையன்று. கேளாதிருக்கத் தொலைபேசிக்கு உரிமை உண்டு.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கையில் என் மனம் பத்தாம் வகுப்பு இலக்கணப் பாடத்துக்குச் சென்றது. உயிரீற்றின் முன் உயிர் வந்தால் இரண்டும் தாமாக இணையா. 'மணி' என முடித்து 'அடித்தது' எனத் தொடங்கும்போது குரல் ஒருகணம் அறும். அவ்விடத்திலே யகரமோ வகரமோ உடம்படுமெய்யாகத் தோன்றி 'மணியடித்தது' என ஒன்றாக்கும். 'திரு' வும் 'ஆரூர்' உம் 'திருவாரூர்' ஆகும். யகரம் வருமா வகரம் வருமா என்பதை முடிவு செய்வது வருமொழியன்று, நிலைமொழியின் ஈற்றுயிர். இகர ஈகார ஐகாரங்களுக்கு யகரம், ஏனையவற்றுக்கு வகரம், ஏகாரத்துக்கு மாத்திரம் இரண்டும். அஃதாவது, அடுத்த ஒலியைச் சேர்வதற்கான ஆயத்தம் விடும் ஒலிக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றது. முதற்பெட்டியில் இருக்கும்போதே அடுத்த பெட்டியின் திறவுகோலை ஆயத்தம் செய்தல் இதுவே. பொறியியலாளர்க்குச் சொன்னேன். "அப்ப இதை நீங்கள் பத்தாம் வகுப்பிலேயே எங்களுக்குப் படிப்பித்திருக்கிறீர்கள் சேர், சோதினையிலே எனக்கு அந்தக் கேள்விதான் பிழைத்தது" என்றார். விளையாட்டுப் போட்டியின் அஞ்சலோட்டத்தை நினைத்தாலும் பொருந்தும். கோலைப் பெறுபவன் கோல் கைக்கு வருமுன்னரே ஓடத் தொடங்கிவிடுகின்றான்.

வேலை நான்கு நாள் நடந்தது. முதற்காரியம் ஆறு பெயர்களையும் ஒழித்துக் கல்லூரிக்கு ஒரே பெயர் இடுதல். இதற்கே அதிக காலம் சென்றது. வேலையால் அன்று, அணிகளின் ஒப்புதலைப் பெறவேண்டியிருந்தமையால். தம் ஆண்டு மறைவதா எனச் சிலர் வருந்தினர். பெட்டிக்குக் கீழே சிறிய பித்தளைத் தகட்டில் அணியின் பெயரைப் பொறிப்பதென முடிவாயிற்று. பெட்டிகள் ஆறும் ஒரே முகவரிப் பரப்புக்குள் வந்தன. இப்போது கல்லூரிக்குள் எங்கே சென்றாலும் தொலைபேசியின் முகவரி மாறாது. புதிதாக ஐந்து பெட்டிகள் வாங்கினோம். தொலைபேசியைக் கையிலேந்தி விறாந்தை விறாந்தையாக நடந்து அளந்தார். குரலுக்கு மறை 67 டிபிஎம் என்னும் அளவுக்குக் கீழே அலை தேயலாகாது என்பது அத்தொழிலார் கொள்ளும் விதி. அந்த அளவுக்குத் தேயுமுன்னரே அடுத்த பெட்டி கேட்கவேண்டும். இரண்டு பெட்டிகளின் எல்லை சிறிது ஒன்றன்மீதொன்று கவியாவிடின் கைமாற்றத்துக்கு இடமில்லை. அடுத்தடுத்த பெட்டிகள் ஒரே அலைவரிசையிலே பேசலாகாது, பழைய 2.4 கிகாஹேட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று கலவாத வரிசைகள் ஒன்று, ஆறு, பதினொன்று என மூன்றே. ஆதலின் குரலைப் பெரும்பாலும் 5 கிகாஹேட்ஸுக்கு மாற்றினார்.

எனக்கு வியப்பளித்தது ஒன்று. பெட்டிகளின் வலிமையை அவர் கூட்டவில்லை, குறைத்தார். உரத்துக் கூவும் பெட்டியின் குரல் தூரத்திலும் கேட்பதால் தொலைபேசி அதனை விடாது பற்றிக்கொள்ளும். ஆனால் தொலைபேசியின் சிறிய குரல் அவ்வளவு தூரத்திலிருந்து பெட்டிக்குக் கேளாது. ஒருபுறம் கேட்கும், மறுபுறம் கேளாது. அளவோடு பேசும் பெட்டிகள் நெருங்கியிருந்தால் தொலைபேசி உரிய நேரத்தில் மாறும். வகுப்பிலே தொண்டை கிழியக் கத்தும் இளம் ஆசிரியர்களிடம் இதனைச் சொல்லிப் பார்த்தேன், பயனில்லை. ஒரு குறையும் எஞ்சியது. மூத்த ஆசிரியர் ஒருவரின் பழைய கைத்தொலைபேசி புதிய துணைவிதியை அறியாதாகையால் வலையமைப்புக்குள் நுழையவே மறுத்தது. அவருக்கெனத் தனிப்பெயரில் ஓர் வழி திறக்கப்பட்டது. அதற்கு மாணவர் இட்டிருக்கும் பெயரை அவர் அறியார்.

முடிக்குந் தறுவாயில் பொறியியலாளர் மற்றொன்றும் சொன்னார். பேசுபவர் பேசாதிருக்கும் வேளையில் வெறும் அமைதியைத் துண்டு துண்டாக அனுப்புதல் வீண்செலவு. ஆகவே பல முறைகளில், பின்னணி இரைச்சல் எத்தகையது என்ற சிறு குறிப்பு மாத்திரம் செல்லும்; மறுமுனைக் கருவி அதைக் கொண்டு மெல்லிய இரைச்சல் ஒன்றைத் தானே ஆக்கிக்கொள்ளும். முழுதும் ஒலியற்றிருந்தால் தொடர்பு அறுந்துவிட்டதென்று கேட்பவர் எண்ணி வைத்துவிடுவர் என்பதே காரணம்.

ஆவணியிலே ஐயாவை அழைத்துக்கொண்டு மீண்டும் நடந்தேன். படலை, அலுவலகம், மண்டபம், வடக்கு வாயில். முன்பு அறுந்த இடங்களை யான் எண்ணிக்கொண்டே நடந்தேன். அவர் எண்ணவில்லை, பேசிக்கொண்டேயிருந்தார். நூலகம் கடந்து முற்றத்துக்கு வந்தோம். "வேம்பு, ஐயா" என்றேன். மறுமொழி இல்லை. தொடர்பு போய்விட்டதோவெனத் திரையைப் பார்த்தேன், செக்கன்கள் ஓடிக்கொண்டிருந்தன. செவியிலே மெல்லிய இரைச்சல் மாத்திரம் இருந்தது. யான் ஒன்றும் கேட்கவில்லை.

பின்பு சொன்னார். அன்று பின்னேரம் கடைசி மணியடித்தபின் அவன் இந்த வேம்பின் கீழே அவரை மறித்து ஓர் ஐயம் வினவினானாம். எல்லா உயிருக்கும் ஓர் உடம்படுமெய் விதித்த நூலார் ஏகாரத்துக்கு மாத்திரம் ஏன் இரண்டு விதித்தார் என்பது அவன் வினா. இவருக்கு அன்று சைக்கிளிலே வீட்டுக்கு மா வாங்கிச் செல்லவேண்டிய அவசரம். ஊரடங்குக்கு முன் போகவேண்டும். "நல்ல கேள்வி. நாளைக்குச் சொல்லுறன், வா" என்று சொல்லிப் போனாராம். அவனுடைய பெயரையும் சொன்னார். அதனை ஈண்டு எழுதேன். அவனுடைய தாயார் இன்னும் உள்ளார்.

"விடையை நீராவது கேளும்" என்றார். வேம்பின் கீழ் நின்று கேட்டேன். அவன்+ஏ என்னும் இடைச்சொல் ஏகாரத்திலிருந்து தொடங்கி, 'அவனேயழகன்', 'சேவடி' என எடுத்துக்காட்டுகளோடு, உரையாசிரியர் கருத்தும் தம் கருத்தும் வேறுவேறாக, வகுப்பிலே சொல்வதுபோல ஆறு நிமிடம் வரை சொன்னார். கரும்பலகையில் எழுதுவதற்கென இடையிடையே நிறுத்தவும் செய்தார். ஓரொற்றும் போகவில்லை. முடிந்தபின், "முதலாம் பாடத்துக்கு மணியடிக்குது போலிருக்கு. உமக்கு வகுப்பிருக்கும், போம்" என்றார்.

யூபிலி விழாவுக்கெனப் பல நாடுகளிலிருந்தும் வரவிருக்கும் அன்பர்களுக்கு ஓர் அறிவித்தல். கட்டடங்களுக்குள் தாராளமாகப் பேசிக்கொண்டு நடக்கலாம். விடுதியின் மேற்கு மூலையிலிருந்து மைதானத்தின் பார்வையாளர் கூடம் வரை இன்னும் பெட்டி இல்லை; அவ்விடத்தில் தொலைபேசி கோபுரத்துக்கு மாறும்போது முகவரியும் மாறுவதால் பேச்சு சில செக்கன் அறும். வெளியிலே மழைக்குத் தாங்கும் பெட்டி ஒன்றும் அதற்கு வயரும் தேவை. வயர் ஒரே இழுப்பில் 100 மீற்றரைத் தாண்டலாகாது. விடுதிச் சுவரிலிருந்து அளந்தோம், 84 மீற்றர் வருகின்றது. நல்க விரும்பும் அணியினர் சங்கச் செயலாளருடன் தொடர்புகொள்க. பித்தளைத் தகடு உண்டு.